வெண்பனியை வசப்படுத்தியவர்: சாமுவேல் போர்ன்

நுழையும்முன்

தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். அவற்றுள் உறைபனி மூடிய நிலம் இல்லை. பெரும்பொழுதுகளில் முன்பனியும் பின்பனியும் இடம்பெற்றாலும் அங்குப் பனி என்பது புல்நுனியில் திரளும் நீர்த்துளியே. மலையை மறைக்கும் வெண்போர்வை அன்று. ஆயினும் இமயம் நமக்கு அயலான பெயர் அன்று. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனையும், கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்திலிருந்து கல் கொணர்ந்த செங்குட்டுவனையும் நம் இலக்கியங்கள் பேசுகின்றன. சொல்லால் அறிந்த அந்த வெண்மலையைக் கண்ணால் காணும் படமாக உலகுக்கு அளித்தவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் போர்ன். அவர்தம் வாழ்வையும் உழைப்பையும், அவ்வுழைப்பில் மறைந்துபோன பலரின் பங்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் ஈடுபாடும்

சாமுவேல் போர்ன் 1834ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். நாட்டிங்ஹாம் நகரில் வங்கி ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். கணக்கேடுகளுக்கிடையே கழிந்த நாள்களில் அவர் மனம் நாடியது ஒளிப்படக் கலையை. அக்காலத்தில் அக்கலை பிறந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1839ஆம் ஆண்டில்தான் பிரான்சில் டாகெரும் இங்கிலாந்தில் டால்பட்டும் தத்தம் முறைகளை உலகறியச் செய்திருந்தனர். 1851ஆம் ஆண்டு பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். நுண்மையான விவரங்களைத் தெளிவாகக் காட்டிய அம்முறையையே போர்ன் கைக்கொண்டார்.

விடுமுறை நாள்களில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் போன்ற இடங்களுக்குச் சென்று இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்தார். 1862ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பன்னாட்டுக் கண்காட்சியில் அவர்தம் படங்கள் இடம்பெற்றன. நிலையான ஊதியம் தரும் வங்கிப் பணியா, நிலையற்ற கலைத்தொழிலா என்னும் வினா அவர்முன் நின்றது. அவர் பணியைத் துறந்தார்; கப்பலேறி 1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தா வந்தடைந்தார். அங்கிருந்து காசி, ஆக்ரா, தில்லி வழியாகச் சிம்லாவை அடைந்து, வில்லியம் ஹோவார்டு என்பவருடன் இணைந்து ஒளிப்பட நிலையம் நடத்தினார். பின்னர் சார்லஸ் ஷெப்பர்டு அவர்களுடன் சேர்ந்தார். ஹோவார்டு விலகிய பிறகு அந்நிறுவனம் 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' என்னும் பெயரில் புகழ்பெற்றது.

சென்னையில் ஒளிப்படக் கலை

போர்ன் வருவதற்கு முன்பே இந்தியாவில் இக்கலை வேரூன்றியிருந்தது. இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்ட அதே 1856ஆம் ஆண்டில்தான் சென்னை ஒளிப்படக் கழகமும் தோன்றியது. சென்னையில் கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் இக்கழகம் உருவாகக் காரணமாக இருந்தார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டை ஒட்டித் திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களின் கோவில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீள ஒரே படச்சுருளாக அவர் இணைத்தது இன்றும் வியக்கப்படுகிறது.

டிரைப் கருங்கல்லையும் வெயிலையும் எதிர்கொண்டார். போர்ன் எதிர்கொண்டவையோ வெண்பனியும் கடுங்குளிரும். இருவருக்கும் பொதுவாக அமைந்த இடர் ஒன்றுதான்: கண் காணும் காட்சியைக் கருவி அவ்வாறே காண்பதில்லை.

இருட்டுக் கூடாரமும் ஈரத் தகடும்

அன்றைய ஒளிப்பட முறையை அறிந்தால்தான் போர்னின் உழைப்பு விளங்கும். அவர் பெரும்பாலும் 12 அங்குலத்துக்கு 10 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தினார். படத்தைப் பெரிதாக்கும் வசதி பரவலாக இல்லாத காலம் அது. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கண்ணாடியையே மலைமேல் சுமந்து செல்ல வேண்டும்.

காட்சியைத் தேர்ந்தபின் ஏறத்தாழ 10 அடி உயரமுள்ள இருட்டுக் கூடாரம் அமைக்கப்படும். அதனுள் தூய்மையாகத் துடைத்த கண்ணாடியின்மீது கொலோடியன் கரைசல் சீராக ஊற்றப்படும். பின்னர் அது வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தப்படும். அப்போதுதான் தகடு ஒளியை உணரும் ஆற்றல் பெறும். தகடு காய்வதற்குள் அதைக் கருவியில் பொருத்தி, வில்லையின் மூடியைக் கையால் திறந்து, நொடிகளை எண்ணி மீண்டும் மூட வேண்டும். உடனே கூடாரத்துக்கு விரைந்து, உருத்துலக்கும் கரைசலை ஊற்றிப் படத்தை வெளிக்கொணர்ந்து, நிலைப்படுத்தி, கழுவி, மெருகெண்ணெய் பூச வேண்டும். இவற்றுள் உருத்துலக்குதல் வரையிலான பணிகள் அனைத்தும் சில மணித்துளிகளில் முடிய வேண்டும். தகடு காய்ந்துவிட்டால் அத்துணை உழைப்பும் வீண்.

சமவெளியிலேயே இடர்மிக்க இவ்வேலை பனிமலையில் பன்மடங்கு கடினமானது. குளிரில் வேதிப்பொருள்கள் மந்தமாகச் செயல்படும். கழுவுவதற்கு நீர் வேண்டுமாயின் பனியை உருக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போகும். கண்ணாடி கைநழுவினால் மாற்றுத்தகடு பெறப் பல நாள் நடைத்தொலைவில் உள்ள நகரத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

வெண்மை என்னும் சோதனை

பனிக்காட்சியைப் படமெடுப்பதில் உள்ள சிக்கலை வடசென்னையில் வாழும் மாணவர் ஒருவர் பனியைக் காணாமலேயே உணரலாம். எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு உப்பளங்களில் குவிக்கப்பட்ட உப்பை நண்பகலில் கைப்பேசியில் படமெடுத்தால், கண்ணுக்கு வெள்ளை வெளேரெனத் தோன்றிய உப்பு படத்தில் மங்கிய சாம்பல் நிறமாகத் தெரியும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நொறுக்கிக் கொட்டப்படும் பனிக்கட்டிக் குவியலும் அவ்வாறே. துறைமுகத்தில் இறக்கப்படும் நிலக்கரிக் குவியல் மட்டுமே சட்டகம் முழுவதும் நிறைந்திருந்தாலோ கரி வெளிறிச் சாம்பலாகிவிடும்.

இதற்குக் காரணம் உண்டு. கருவியிலுள்ள ஒளிமானி, தன்முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்தின் அளவுக்கே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்னும் எடுகோளின்படி இயங்குகிறது. உப்பு வெண்மையானது என்பதை அது அறியாது; ஒளி மிகுந்துவிட்டதாகக் கருதி, உள்ளே விடும் ஒளியைக் குறைத்துவிடுகிறது. எனவே பனியைப் படமெடுப்போர், கருவி காட்டும் அளவைவிட ஒரு படி முதல் இரண்டு படி வரை, அதாவது இருமடங்கு முதல் நான்கு மடங்கு வரை ஒளியைக் கூட்டுவர். ஆனால், அளவுக்கு மீறிக் கூட்டினால் பனியின் மேடுபள்ளங்களும் காற்று வரைந்த கோடுகளும் மறைந்து வெற்றுத்தாள் போன்ற வெளி மட்டுமே எஞ்சும். குறைத்தால் சாம்பல், மிகுத்தால் வெறுமை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய வழியைக் கண்டறிவதே பனிப்படக் கலையின் உயிர்நாடி.

போர்னுக்கு ஒளிமானியும் இல்லை. பட்டறிவே அவருக்கு அளவுகோல். அத்துடன் கொலோடியன் தகடு மற்றொரு சிக்கலையும் தந்தது. அத்தகடு நீல ஒளியையே மிகுதியாக உணரும். பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய உணராது. அதனால் நீலவானம் படத்தில் வெள்ளையாகிவிடும். வெண்பனிச் சிகரமும் வெள்ளையாகிவிட்ட வானமும் ஒன்றோடொன்று கலந்து, மலையின் விளிம்பே மறைந்துபோகக்கூடும். அதே காட்சியில் நிற்கும் பச்சைத் தேவதாரு மரங்களோ கரும்பள்ளங்களாகத் தோன்றும். மரத்துக்கு ஏற்ப ஒளி கொடுத்தால் பனி அழியும். பனிக்கு ஏற்பக் கொடுத்தால் மரம் இருளில் மூழ்கும்.

இதற்குப் போர்ன் கண்ட தீர்வு பொறுமை. உச்சி வெயிலில் பனிமேடு நிழலின்றித் தட்டையாகத் தெரியும். சாய்ந்த ஒளி விழும்போதோ ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலால் தன்னை வெளிப்படுத்தும். மேகம் விலகவும் காற்று அடங்கவும் அவர் காத்திருந்தார். எடுப்பதற்கு முன்பே காட்சியை மனத்தில் முழுமையாக அமைத்துக்கொண்டு, பாறை, பனி, மரம் ஆகியவை ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் கோணத்தைத் தேர்ந்தார். தகடுகள் எண்ணிச் சுமக்கப்பட்டவை ஆதலால் ஒவ்வொரு படமும் தீர ஆராய்ந்த முடிவாகவே அமைந்தது.

மூன்று பயணங்கள்

போர்ன் இமயத்துக்குள் மூன்று நெடும்பயணங்களை மேற்கொண்டார். முதற்பயணம் 1863ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தொடங்கியது. ஏறத்தாழ 30 சுமையாள்களுடன் சிம்லாவிலிருந்து சட்லெஜ் பள்ளத்தாக்கு வழியாகச் சினி என்னும் ஊருக்கும், அதற்கப்பால் ஸ்பிதி எல்லைவரையும் சென்று, பத்து வாரங்களுக்குப் பின் திரும்பினார். இமயத்தின் பேருருவம் அவரை வியப்பில் ஆழ்த்தியது, தளரவும் செய்தது. ஏரியும் பாலமும் சோலையுமாக அடங்கிய அழகை இங்கிலாந்தில் படமெடுத்துப் பழகிய அவர், ஒரு சட்டகத்துள் அடங்காத மலைத்தொடரை எவ்வாறு அடக்குவது என்று திகைத்தார்.

இரண்டாம் பயணம் 1864ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் நீண்டது. காங்கிரா வழியாகக் காசுமீரம் சென்ற அவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகட்டுப் படங்களுடன் மீண்டார். நீரும் மரமும் மலையும் ஒருங்கே அமைந்த காசுமீரத்தில் அவர் தேடிய காட்சியழகு கிட்டியது.

மூன்றாம் பயணம் 1866ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது. இம்முறை ஏறத்தாழ 80 பேர் சுமை தூக்கினர். குலு, லாகௌல், ஸ்பிதி ஆகிய பகுதிகளைக் கடந்து, அந்நாளில் 18,600 அடி உயரமாகக் கணிக்கப்பட்ட மணிராங் கணவாயை அடைந்தார். மூச்சுவிடவும் இடர்ப்படும் அவ்வுயரத்தில் கூடாரம் அமைத்து, தகடு பூசி, பனிவெளியைப் படமெடுத்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அதைவிட உயரமான இடத்தில் எவரும் படமெடுக்கவில்லை. அங்கிருந்து கங்கோத்ரிப் பனியாற்றை நோக்கி நடந்த அவர், பனிக்கட்டியின் வாயிலிருந்து பாகீரதி பெருகிவரும் கோமுகத்தையும் படமெடுத்தார். பனியாறுகள் சுருங்கிவரும் இக்காலத்தில், அப்பனியாற்றின் முகப்பு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும் அரிய சான்றுகளாக அப்படங்கள் விளங்குகின்றன.

இப்பயணங்களின் பட்டறிவை அவர் இலண்டனிலிருந்து வெளிவந்த 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஃபோட்டோகிராஃபி' என்னும் இதழுக்குத் தொடர்ந்து எழுதினார்.

படச்செம்மை

தகட்டில் படம் பதிந்தவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. தகட்டில் ஒளியும் நிழலும் மாறித் தோன்றும். பனி கருமையாகவும் பாறை வெளிறியும் இருக்கும். முட்டை வெண்கருவும் உப்பும் பூசி வெள்ளி நைட்ரேட்டில் நனைத்த தாளைத் தகட்டின் அடியில் வைத்து வெயிலில் காட்டும்போதுதான் உரிய படம் உருவாகும். எவ்வளவு நேரம் வெயிலில் வைப்பது, எப்பகுதியை மறைத்து எப்பகுதிக்குக் கூடுதல் ஒளி தருவது என்பன எல்லாம் படி எடுப்பவரின் தேர்வுகள். பின்னர்ப் பொன் உப்புக் கரைசலில் இட்டுப் படத்தின் நிறத்தைச் செம்மைப்படுத்துவர். தகட்டின்மீது தூரிகையால் வண்ணம் தீட்டி வானத்தைச் சரிசெய்வதும், மேகத்துக்கெனத் தனியே எடுத்த தகட்டைச் சேர்த்துப் படி எடுப்பதும் அக்காலத்தில் வழக்கமாக இருந்தன. டிரைப் தம் காகித எதிர்படங்களின்மீது வண்ணம் தீட்டி மேகங்களையும் இலைகளையும் தெளிவாக்கினார்.

இன்று கணினியில் செய்யப்படும் செம்மையாக்கத்துக்கும் இதுவே அடிப்படை. பனியின் நிழல்கள் நீலவானின் ஒளியை ஏற்பதால் படத்தில் நீலச்சாயலுடன் தோன்றும். அச்சாயலை முற்றிலும் நீக்கினால் குளிரின் உணர்வே போய்விடும். முழுவதும் விட்டுவிட்டால் பனி சாயம் தோய்ந்தது போலாகும். வெண்மையை உயர்த்தும்போதும் அதன் உள்விவரம் அழியாமல் காக்க வேண்டும். இல்லாததைச் சேர்ப்பது எளிது. ஒளி மிகுந்து அழிந்துபோன விவரத்தையோ எந்தக் கணினியாலும் மீட்க இயலாது. ஆகவே செம்மையாக்கம் என்பது படமெடுக்கும் நொடியிலேயே தொடங்கிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் (1902 - 1984), காட்சியின் ஒளி வேறுபாட்டை முழுக்கருமை முதல் முழுவெண்மை வரை பல மண்டலங்களாகப் பகுத்து அளவிடும் முறையை, பிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து வகுத்தார். பனியை எம்மண்டலத்தில் வைப்பது என்பதைப் படமெடுக்கும் முன்பே முடிவு செய்ய இம்முறை துணைபுரிகிறது. போர்ன் பட்டறிவால் செய்ததை ஆடம்ஸ் அளவீட்டு முறையாக்கினார் எனலாம்.

தோள்கொடுத்தோர்

போர்னின் படங்களைப் போற்றும்போது அவை எவர்தம் தோள்களில் ஏறி மலைக்குச் சென்றன என்பதையும் எண்ணுதல் வேண்டும். கண்ணாடித் தகடுகள், வேதிப்பொருள் பெட்டிகள், கூடாரங்கள், உணவு, அறைகலன் ஆகிய அனைத்தையும் சுமந்தவர்கள் மலையூர் மக்கள். அப்பகுதிகளில் 'பேகார்' என்னும் கட்டாய உழைப்பு முறை வழக்கில் இருந்தது. உழவுப் பணியை விட்டுவிட்டுப் பிறர் சுமையைத் தூக்குமாறு ஊர்மக்கள் பணிக்கப்பட்டனர். அறுவடைக் காலத்தில் வீட்டையும் வயலையும் விட்டுவரத் தயங்கியவர்கள் பலர். கடுங்குளிரும் ஆபத்தும் நிறைந்த கணவாய்களை எண்ணி அஞ்சியவர்கள் பலர். சுமையை வழியில் இறக்கிவிட்டு ஓடியவர்களைப் போர்ன் வீடு வீடாகத் தேடியதையும், தடியால் அடித்துப் பணியவைத்ததையும் அவர்தம் கட்டுரைகளே தெரிவிக்கின்றன. அதனைத் தவறெனக் கருதும் குறிப்பு எதுவும் அவற்றில் இல்லை. ஒளிப்படக் கருவியை ஆள்வோரின் பீரங்கிக்கு இணையாக எண்ணிப் பெருமிதம் கொண்ட காலத்தின் மனிதராகவே அவர் இருந்தார். இருபதாம் நூற்றாண்டில் சத்யானந்த் ஸ்டோக்ஸ் போன்றோர் சிம்லா மலைப்பகுதியில் இக்கட்டாய உழைப்பை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது.

மணிராங் கணவாய்க்கு ஏறியவர் போர்ன் ஒருவர் அல்லர். அங்கு ஏறிய மற்றவர்களின் பெயர்கள் எந்தப் படத்தின் கீழும் எழுதப்படவில்லை. கலையின் உயர்வும் அதனை அடைந்த வழியின் கொடுமையும் ஒரே வாழ்வில் அருகருகே நிற்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

பிற்காலம்

1867ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று மேரி டோலி என்பவரை மணந்த போர்ன், மீண்டும் இந்தியா வந்து பணியைத் தொடர்ந்தார். 1869ஆம் ஆண்டு வாக்கில் எடுக்கப்பட்ட தென்னகப் படங்களில் திருச்சிராப்பள்ளி, மதுரை ஆகிய ஊர்களும் நீலகிரி மலையும் இடம்பெறுகின்றன. 1870ஆம் ஆண்டு இந்தியாவை விட்டு நிலையாக வெளியேறினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகட்டுப் படங்களை நிறுவனத்திடமே விட்டுச் சென்றார். நாட்டிங்ஹாமில் மைத்துனருடன் சேர்ந்து பருத்தி நூல் தொழில் நடத்தினார், நீதிபதியாகவும் பணியாற்றினார், ஓய்வில் நீர்வண்ண ஓவியம் தீட்டினார். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் தோற்றுவித்த நிறுவனம் கல்கத்தாவில் நெடுங்காலம் இயங்கியது. 1991ஆம் ஆண்டு ஏற்பட்ட தீவிபத்தில் அதன் படக்கருவூலத்தில் பெரும்பகுதி அழிந்தது. 2016ஆம் ஆண்டு அந்நிலையம் மூடப்பட்டது. ஆயினும் அவர் எடுத்த படங்களின் படிகள் உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் காக்கப்படுகின்றன.

இன்று ஒரு நொடியில் பல படங்களை எடுக்கும் கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அது காட்டும் அளவை அப்படியே ஏற்றால் வெண்மையும் சாம்பலாகும், கருமையும் சாம்பலாகும். எண்ணூரின் உப்பை உப்பாகவும் துறைமுகத்தின் கரியைக் கரியாகவும் காட்ட விரும்புபவர், கருவியின் தீர்ப்பைத் தம் கண்ணால் சரிபார்த்தாக வேண்டும். போர்னின் படங்கள் இதனைக் கற்பிக்கின்றன. மனிதரை மதிப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும் என்பதை அவர்தம் வாழ்வு கற்பிக்கிறது.